ஒரே பெயர், பல முகங்கள்: ஒரு லெஸ் பால் கிட்டாரை அடையாளம் காண்பது எப்படி?

நம் பேரவையின் ஆண்டிதழுக்கு 'முன்னாள் மாணவர் என்ற முறையில் ஏதாவது எழுதித் தாருங்கள்' என்று ஆசிரியர் குழுவினர் கேட்டபோது, மொழியைப் பற்றியோ இலக்கியத்தைப் பற்றியோ எழுதும் தகுதி எனக்கு இல்லை என்று தயங்கினேன். நான் படித்தது பொறியியல். பேரவையில் என் பங்கெல்லாம் மேடைக்குப் பின்னால் ஒலிபெருக்கிக் கம்பிகளை இழுப்பதும், கலைவிழாவில் கிட்டார் வாசிப்பதும்தான். 2006-ஆம் ஆண்டுக் கலைவிழாவுக்கு வந்தவர்களுக்கு, நான் வாசித்த பொன்னிறக் கிட்டார் நினைவிருக்கலாம். அது என்னுடையது அன்று. கிள்ளானில் இருக்கும் என் தாய்மாமாவுடையது. அந்தக் கிட்டாரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதன் வயதைக் கண்டுபிடிக்க வேண்டிய கட்டாயம் சென்ற ஆண்டு எனக்கு ஏற்பட்டது.

மாமா திருமண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் வாசித்த ஓர் இசைக்குழுவில் முப்பது ஆண்டுகள் கிட்டார் கலைஞராக இருந்தவர். 1983-இல் ஒரு கப்பல் ஊழியரிடமிருந்து அந்தக் கிட்டாரை வாங்கினார். தலைப்பகுதியில் 'கிப்சன்' என்றும் 'லெஸ் பால்' என்றும் எழுதியிருக்கும். சென்ற ஆண்டு மாமாவின் பேத்திக்கு ஒரு தனியார் கல்லூரியில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்தது. கட்டணத்தைக் கேட்டு வீடே மலைத்துப் போயிருந்த நேரத்தில், குடும்ப நண்பர் ஒருவர் கிட்டாரைப் பார்த்துவிட்டு, "இது 1956-ஆம் ஆண்டு கோல்ட்டாப். இதை விற்றாலே பிள்ளையின் படிப்பு முடிந்துவிடும்" என்று சொல்லிவிட்டார். ஒரு வாரத்திற்குள் வாங்குவதற்கு ஆளும் வந்துவிட்டது. முன்பணம் தரவும் அவர் தயார்.

மாமா என்னை அழைத்தார். "தம்பி, நீ படிச்சவன். ஐம்பத்தாறுன்னு சொல்றாங்க. நானும் ஐம்பத்தாறுதான். எதுக்கும் நீ ஒரு தடவ பாத்துச் சொல்லு" என்றார்.

நான் பார்த்தேன். பார்ப்பதற்கு முன்னால் நிறையப் படிக்க வேண்டியிருந்தது. படித்ததை முதலில் சொல்கிறேன்.

குடம் இல்லாத வாத்தியம்

வீணைக்குக் குடம் உண்டு. வயலினுக்கு உள்ளீடற்ற பெட்டி உண்டு. கம்பியின் மெல்லிய அதிர்வைப் பெரிதாக்குவது அந்த வெற்றிடமே. மின்கிட்டாரில் இந்த வேலையை மின்சாரம் செய்கிறது. கம்பிகளுக்குக் கீழே ஒரு காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பியும் இருக்கும். இதைத்தான் 'பிக்கப்' என்கிறோம். எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. அந்த மாற்றம் செப்புச் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. பள்ளியில் நாம் படித்த ஃபாரடேயின் விதிதான். ஆகவே, மின்கிட்டாருக்குக் குடம் தேவையில்லை. திண்ணிய மரத்துண்டே போதும்.

இதை 1940-ஆம் ஆண்டு வாக்கிலேயே செய்துகாட்டியவர்களுள் ஒருவர் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லெஸ் பால் (1915–2009). ஒரு மரக்கட்டையில் கழுத்தையும் பிக்கப்பையும் பொருத்தி, பார்வைக்குக் கிட்டார்போல இருக்க வேண்டும் என்பதற்காக இருபுறமும் ஒரு கிட்டாரின் உடலைப் பிளந்து ஒட்டினார். அதற்குக் 'கட்டை' என்றே பெயர். கிப்சன் நிறுவனம் முதலில் அதை ஏற்கவில்லை. 1950-இல் லியோ ஃபெண்டர் திண்ணுடல் கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகே, டெட் மெக்கார்ட்டியின் தலைமையில் இயங்கிய கிப்சன் விழித்துக்கொண்டது. 1952-இல் மிச்சிகன் மாநிலத்தின் கலாமசூ நகரத் தொழிற்சாலையிலிருந்து முதல் 'லெஸ் பால்' வெளிவந்தது.

ஒரு குடும்பத்தின் உறுப்பினர்கள்

'லெஸ் பால்' என்பது ஒரு கிட்டாரின் பெயர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அது ஒரு குடும்பப் பெயர். 1952 முதல் 1960 வரை அந்தக் குடும்பத்தில் பிறந்தவர்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்துகிறேன்.

முதலாவது, கோல்ட்டாப். மகோகனி மர உடலின்மேல் வளைவாகச் செதுக்கிய மேப்பிள் மரப்பலகை, அதன்மேல் பொன்னிற வண்ணம். விலை 210 டாலர். 'பி-90' எனப்படும் ஒற்றைச்சுருள் பிக்கப்புகள் இரண்டு, பாலேட்டு நிற பிளாஸ்டிக் மூடிகளுடன் இருக்கும். 1952-இல் வந்தவற்றில் ஒரு பெருங்குறை இருந்தது. கழுத்தின் சாய்வு போதாமையால், கம்பிகளைக் குதிரையின் மேலாக அல்லாமல் அடியில் சுற்றிக் கொண்டுவர வேண்டியிருந்தது. இதனால் வலக்கையின் ஓரத்தைக் கம்பிமேல் வைத்து ஒலியை அடக்கி வாசிக்க இயலவில்லை. 1953-இல் கழுத்தின் சாய்வைக் கூட்டி, உடலில் நேரடியாக முடுக்கிய தடித்த உலோகப் பட்டையைக் குதிரையாக்கினார்கள். 1955-இல் ஒவ்வொரு கம்பியின் நீளத்தையும் தனித்தனியே சரிசெய்யக்கூடிய 'டியூனோமேட்டிக்' குதிரை வந்தது. ஆக, குதிரையைப் பார்த்தே ஒரு கோல்ட்டாப் 1952-ஆ, 1954-ஆ, 1956-ஆ என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இரண்டாவது, கஸ்டம். 1954-இல் வந்தது, விலை 325 டாலர். கறுப்பு வண்ணம், கருங்காலி விரல்பலகை, பொன்முலாம் பூசிய உலோகப் பாகங்கள். வேடிக்கை என்னவென்றால், விலை கூடிய இந்தக் கிட்டாரில் மேப்பிள் பலகையே கிடையாது, முழுக்க மகோகனி. மெட்டுகள் மிகத் தாழ்வாக இருந்ததால் 'மெட்டில்லா அதிசயம்' என்று இதற்கு ஒரு செல்லப்பெயரும் உண்டு.

மூன்றாவது, ஜூனியர். இதுவும் 1954-இல் வந்தது. விலை 99.50 டாலர் மட்டுமே. மாணவர்களை எண்ணிச் செய்யப்பட்டது. வளைவற்ற தட்டையான மகோகனிப் பலகை, ஒரே ஒரு பி-90 பிக்கப். மலிவுப் பதிப்புத்தானே என்று ஒதுக்கிவிட முடியாது. மௌன்டன் குழுவின் லெஸ்லி வெஸ்ட் இந்த ஜூனியரை வைத்துக்கொண்டுதான் பெரிய அரங்குகளை அதிர வைத்தார்.

நான்காவதும் ஐந்தாவதும் ஜூனியரின் உறவினர்கள். ஜூனியரையே வெளிர்மஞ்சள் வண்ணத்தில் தந்தால் 'டிவி'. வெளிர்நிறத்தில் இரண்டு பிக்கப்புகளுடன் 1955-இல் தந்தது 'ஸ்பெஷல்'. 1958-இல் ஜூனியரும் டிவியும் இருபுறமும் வெட்டிய புதிய வடிவத்திற்கு மாறின. 1959-இல் ஸ்பெஷலும் மாறியது. ஆனால், ஸ்பெஷலில் கழுத்தும் உடலும் சேரும் இடத்திற்கு மிக அருகில் பிக்கப்புக்காகக் குழி தோண்டியதால் மூட்டு வலுவிழந்தது. பின்னர் அந்தப் பிக்கப்பைச் சற்றுத் தள்ளி வைத்தார்கள்.

ஆறாவது, புகழ்பெற்ற சன்பர்ஸ்ட். அதைப் புரிந்துகொள்ள முதலில் ஓர் இரைச்சலைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இரைச்சலை இரைச்சலால் வெல்லுதல்

பி-90 போன்ற ஒற்றைச்சுருள் பிக்கப், கம்பியின் அதிர்வை மட்டுமன்றி அறையிலுள்ள மின்விளக்கு, மின்மாற்றி ஆகியவற்றின் அலைகளையும் பிடித்துக்கொள்ளும். கல்யாண மண்டபங்களில் கிட்டாரைச் செருகியவுடன் 'ம்ம்ம்' என்று ஓர் ஓசை வருமே, அதுதான். நம் நாட்டில் அது விநாடிக்கு 50 சுழற்சி, அமெரிக்காவில் 60.

கிப்சனின் பொறியாளர் சேத் லவர் இதற்கு எளிய, அழகான தீர்வைக் கண்டார். இரண்டு சுருள்களை அருகருகே வைத்தார். இரண்டின் காந்த முனைகளும் ஒன்றுக்கொன்று எதிர். மின்சுற்றில் அவை இணைந்துள்ள திசையும் எதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்குக் காந்த முனை பொருட்டன்று. ஆகவே, அது இரு சுருள்களிலும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. கம்பியின் ஒலியோ காந்தத்தைச் சார்ந்தது. அது இருமுறை திரும்புவதால் மீண்டும் ஒரே திசைக்கு வந்து, ஒன்றோடொன்று கூடி வலுப்பெறுகிறது. இதற்கு 'ஹம்பக்கர்' என்று பெயர். 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1959-இல் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில், 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட சிறு ஒட்டுத்தாளைப் பிக்கப்பின் அடியில் ஒட்டினார்கள். அந்தச் சொற்களின் முதலெழுத்துகளைக் கொண்டு அதற்குப் 'பி.ஏ.எஃப்.' என்ற பெயர் நிலைத்துவிட்டது. காப்புரிமை கிடைத்த பின்னும் சில ஆண்டுகள் அதே தாள் தொடர்ந்தது. பிறகு காப்புரிமை எண்ணை அச்சிட்டபோதும் 2,737,842 என்ற எண்ணைத்தான் போட்டார்கள். அது ஹம்பக்கரின் எண்ணே அன்று; லெஸ் பால் வடிவமைத்த அந்தப் பழைய குதிரையின் காப்புரிமை எண்!

1957-இல் கோல்ட்டாப்புக்கு இரண்டு ஹம்பக்கர்களும் கஸ்டத்திற்கு மூன்றும் வந்தன. 1958-இல் பொன்னிறம் போய், மேப்பிள் மரத்தின் வரிகள் தெரியும்படி செம்மஞ்சள் கதிர்வண்ணம் பூசினார்கள். இதுவே சன்பர்ஸ்ட்.

1958, 1959, 1960 என மூன்று ஆண்டுகள் மட்டுமே வந்த இவ்வகைக்குள்ளும் வேறுபாடுகள் உண்டு. 1958-இன் கழுத்து உருண்டு தடித்திருக்கும், மெட்டுகள் மெல்லியவை. 1959-இல் மெட்டுகள் அகன்றன. கழுத்து சற்று இளைத்தது. 1960-இல் கழுத்து மெலிந்து தட்டையானது. தொடக்கத்தில் பயன்படுத்திய சிவப்புச் சாயம் வெயிலில் வெளுத்துவிடும். அதனால், ஒரே நாளில் பிறந்த இரண்டு கிட்டார்களில் ஒன்று இன்று எலுமிச்சை மஞ்சளாகவும், மற்றொன்று செக்கச்சிவப்பாகவும் இருக்கக்கூடும். 1960-இல் வெளுக்காத சாயத்திற்கு மாறினார்கள்.

இத்தனை சிறப்பு இருந்தும் அது விலைபோகவில்லை. மூன்று ஆண்டுகளில் செய்தவை இரண்டாயிரத்தைக்கூட எட்டவில்லை. 1961-இல் கிப்சன் இந்த வடிவத்தையே கைவிட்டு, இன்று 'எஸ்.ஜி.' என அறியப்படும் மெல்லிய, இருகொம்பு வடிவத்திற்கு மாறிவிட்டது. கைவிட்ட பிறகுதான் அருமை தெரிந்தது. 1966-இல் ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் இசைத்தட்டில் எரிக் கிளாப்டன் ஒரு பழைய சன்பர்ஸ்டை ஒலிபெருக்கியில் உரக்க முழக்கியதும், இளைஞர்கள் அந்தக் கிட்டாரைத் தேடி அலையத் தொடங்கினார்கள். 1968-இல் கிப்சன் கோல்ட்டாப்பையும் கஸ்டத்தையும் மீண்டும் வெளியிட்டது.

இளைய உறுப்பினர்

1969-இல் இந்தக் குடும்பத்தில் இன்னொருவர் சேர்ந்தார். பெயர் டீலக்ஸ். பழைய பி-90-க்கான குழி அப்படியே இருக்க, அதில் இருசுருள் பிக்கப்பை வைக்க விரும்பினார்கள். முழு அளவு ஹம்பக்கர் அதில் அடங்காது. 1957-இல் கிப்சனின் தாய் நிறுவனம் வாங்கியிருந்த எப்பிஃபோன் கிட்டார்களுக்கென்று செய்த சிறிய ஹம்பக்கர்கள் கைவசம் இருந்தன. பாலேட்டு நிற பி-90 மூடியை நடுவில் வெட்டி, அந்தச் சட்டத்துக்குள் சிறிய ஹம்பக்கரைப் பொருத்தினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் 1956 கோல்ட்டாப் போலவே இருக்கும். 1970-களில் தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் எண் ஒட்டிய பல டீலக்ஸ்களை மேடையில் வாசித்தார்.

மாமாவின் கிட்டாரை மேசைமேல் வைத்தபோது என் கண் முதலில் போனது பிக்கப்புகள்மேல்தான். பாலேட்டு நிறச் சட்டத்தின் நடுவே பளபளக்கும் சிறிய உலோக மூடிகள்.

சாட்சிகளை விசாரித்தல்

"பிக்கப்பை யாராவது மாற்றியிருக்கலாமே?" என்றான் மாமா மகன். நியாயமான கேள்வி. ஐம்பது ஆண்டுகளில் கிட்டாருக்கு என்னவெல்லாமோ நடக்கும். பழைய கோல்ட்டாப்புகளின் பொன்னிறத்தைச் சுரண்டிவிட்டு சன்பர்ஸ்ட் வண்ணம் பூசுவதும் உண்டு. வெளிப்படையாகச் சொல்லி விற்றால் அது மாற்றியமைத்தது. மறைத்து விற்றால் போலி. ஆகவே நான் ஒரு விதியை வைத்துக்கொண்டேன்: திருகாணியைக் கழற்றி மாற்றக்கூடிய எதுவும் தனிச்சாட்சி ஆகாது, மரம் சொல்வதே முதற்சாட்சி.

முதற்சாட்சி, கழுத்தின் பின்புறம். 1950-களின் கழுத்து ஒரே மகோகனித் துண்டு. மாமாவின் கிட்டாரில் நீளவாக்கில் இரண்டு மெல்லிய ஒட்டுக்கோடுகள் தெரிந்தன. அதாவது, மூன்று துண்டுகளை ஒட்டிச் செய்த கழுத்து.

இரண்டாவது, கழுத்தும் தலையும் சேரும் இடம். கிப்சன் கிட்டார்கள் கீழே விழுந்தால் முறிவது இவ்விடத்தில்தான். அதை வலுப்படுத்த, 1970-ஐ ஒட்டிய காலத்தில் பின்புறம் ஒரு சிறு மேடு விட்டுச் செதுக்கத் தொடங்கினார்கள். மாமாவின் கிட்டாரில் அந்த மேடு கட்டைவிரலில் தட்டுப்பட்டது.

மூன்றாவது, உடலின் பக்கவாட்டு. 1969 முதல் 1970-களின் நடுப்பகுதி வரை, இரண்டு மகோகனிப் பலகைகளுக்கு இடையே மெல்லிய மேப்பிள் தகட்டை வைத்து ஒட்டினார்கள். அடைக்குள் வைத்த பூரணம்போல அந்த வெளிர்கோடு கிட்டாரின் விளிம்பைச் சுற்றி ஓடியது. 1956-இல் இதற்கு வாய்ப்பே இல்லை.

நான்காவது, எண். 1950-களில் ஐந்தாறு இலக்க எண்ணை மையால் அச்சிட்டார்கள். முதல் இலக்கம் ஆண்டைக் குறிக்கும். 1956 என்றால் 6-இல் தொடங்க வேண்டும். மாமாவின் கிட்டாரிலும் எண் 6-இல்தான் தொடங்கியது! நண்பர் ஏமாந்தது இங்கேதான். ஆனால், அந்த எண் மரத்தில் அழுத்திப் பதிக்கப்பட்டிருந்தது. அழுத்திப் பதிக்கும் வழக்கம் 1961-இல்தான் வந்தது. அந்த ஆறிலக்க எண்களை ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் திரும்பத் திரும்பப் போட்டிருப்பதால், எண்ணை மட்டும் வைத்து ஆண்டைச் சொல்லவும் முடியாது. எண்ணுக்குக் கீழே 'அமெரிக்காவில் செய்தது' என்ற ஆங்கில முத்திரையும் இருந்தது. அது 1970 முதல் வந்தது.

கடைசியாக, பின்மூடியைக் கழற்றினேன். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளின் முதுகில் ஓர் எண் இருக்கும். அதில் முதல் மூன்று இலக்கங்கள் அந்த உதிரிப்பாகத்தைச் செய்த நிறுவனத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும், கடைசி இரண்டு வாரத்தையும் குறிக்கும். நான்கிலும் 1377205 என்றே இருந்தது. 137 என்பது சி.டி.எஸ். நிறுவனம், 1972-ஆம் ஆண்டு, 5-ஆம் வாரம். ஈயப் பற்றவைப்பில் யாரும் கைவைத்த அடையாளம் இல்லை. உதிரிப்பாகம் செய்த பிறகுதானே கிட்டாரில் பொருத்த முடியும்? ஆகவே, இந்தக் கிட்டார் 1972-க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. வெளிர்கோடு இருப்பதால் அதற்கு வெகுகாலம் பிற்பட்டதும் அன்று. எல்லாச் சாட்சிகளும் ஒன்றையே சொல்லின. இது 1956 கோல்ட்டாப் அன்று. 1970-களின் தொடக்கத்து டீலக்ஸ்.

நல்ல கிட்டார்தான், மதிப்பும் உண்டு. ஆனால் 1956-இன் விலை இதைப்போலப் பல மடங்கு.

சொல்வதா, வேண்டாமா?

திருகாணிகளை மீண்டும் முடுக்கும்போது யாரும் பேசவில்லை. பிறகு மாமா மகன் மெதுவாகக் கேட்டான். "மச்சான், ஐம்பத்தாறுன்னு நாம சொல்லலையே? அவங்களா வந்தாங்க, அவங்களா சொன்னாங்க. நாம ஏன் வாயத் திறக்கணும்?" அவன் கெட்டவன் அல்லன். மகளின் கட்டணத் தாள் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. எனக்கும் உடனே பதில் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு மணி நேரமாக மரத்தை விசாரித்த எனக்கு, என்னையே விசாரிப்பது அவ்வளவு எளிதாக இல்லை.

மாமா கிட்டாரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். சுருதி சேர்த்தார். வாங்க வந்தவரைத் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, என் மருமகன் திறந்து பாத்துட்டான். இது எழுபத்திரண்டுங்க. ஐம்பத்தாறு இல்ல. நீங்க யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். அவர் நன்றி சொல்லிவிட்டு விலகிக்கொண்டார்.

அத்தை தேநீர் கொண்டுவந்து வைத்தார். மாமா என்னைப் பார்த்து, "அப்ப இது எனக்குப் பதினாறு வயசு இளைய தம்பி. பரவால்ல" என்றார். பேத்தி இப்போது கல்விக்கடன் பெற்று, ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவ அறிவியல் படிக்கிறாள். மருத்துவம் கிடைக்காத வருத்தம் அவளுக்கு இன்னும் இருக்கிறது. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

நம் வீடுகளிலும் பழைய பொருள்கள் இருக்கின்றன. தாத்தாவின் கடிகாரம், பாட்டியின் தையல் இயந்திரம், அப்பாவின் ஆர்மோனியம். அவற்றைப் பற்றி யாரோ சொன்ன கதைகளும் இருக்கின்றன. அவற்றை விற்பதற்கு முன்பும் தூக்கி எறிவதற்கு முன்பும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். ஒட்டுக்கோட்டையும் முத்திரையையும் எண்ணையும் குறித்துவையுங்கள். மாமாவின் கிட்டார்ப் பெட்டிக்குள் இப்போது ஒரு தாள் இருக்கிறது. ஐந்து சாட்சிகளையும் அதில் தமிழில் எழுதி, தேதியிட்டு, இருவரும் கையொப்பமிட்டிருக்கிறோம். அடுத்து அதைக் கையில் எடுப்பவர் யாராக இருந்தாலும், அது என்ன என்று தெரிந்தே எடுக்கட்டும்.